விற்காத ரெக்கார்டுகளின் ஊர்களில் ஆறு நாள்

நாள் 1: செல்சி, லண்டன்

இந்தப் பயணத்துக்கு என்ன காரணம் என்று யாருக்கும் சொல்லிப் புரியவைக்க முடியவில்லை. "வெளிவந்த காலத்தில் யாரும் வாங்காத ரெக்கார்டுகள் எங்கே பதிவானதோ அந்த இடங்களைப் பார்க்கப் போகிறேன்" என்றால் ஏற இறங்கப் பார்க்கிறார்கள். கையில் ஆறு நாள், ஒரு ஹெட்போன். விதி ஒன்றுதான்: ஆல்பத்தை அதன் இடத்தில் நின்று முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டுவரை கேட்க வேண்டும். நடுவில் தாண்டக் கூடாது.

தங்கியிருப்பது ஹாரோவில், நண்பனின் அண்ணா வீட்டில். யாழ்ப்பாணத்துக்காரர், வந்து நாற்பது வருடம் ஆகிறது. திட்டத்தைச் சொன்னதும், "ஆறு நாளும் இதுக்கோ? ஒரு நாளெண்டாலும் தேம்ஸ்ஸிலை படகிலை போம் தம்பி" என்றார். சரி என்று தலையாட்டிவிட்டுக் கிளம்பினேன்.

முதல் இடம் ஓல்ட் சர்ச் தெரு, 46ஏ. கிங்ஸ் ரோட்டிலிருந்து ஆற்றுப் பக்கம் திரும்பினால் வருகிறது. பழைய பால்பண்ணைக் கட்டடம் என்பதால் முகப்பில் இன்னும் ஒரு மாட்டுத் தலை இருக்கிறது, கொம்போடு. 1960களின் நடுவில் ஜெஃப் ஃப்ராஸ்ட், ஜான் உட் என்ற இரண்டு ஒலிப்பொறியாளர்கள் இதற்குள் சவுண்ட் டெக்னிக்ஸ் ஸ்டுடியோவைத் தொடங்கினார்கள். ஒரே கூடம், ஆனால் கூரை மட்டும் இடத்துக்கு இடம் வெவ்வேறு உயரம். அதனால் வயலின்களுக்கு ஒரு மூலை, டிரம்ஸுக்கு ஒரு மூலை, தனிக் குரலுக்கு இன்னொன்று என்று அறையே ஒலியைப் பிரித்துக் கொடுத்ததாம்.

ஆங்கிலப் பாடகர் நிக் டிரேக்கின் மூன்று ஆல்பங்களும் இங்கேதான் பதிவாயின. மூன்றும் வந்த புதிதில் தலைக்கு ஐயாயிரம் பிரதிகூட விற்கவில்லை. முதல் ஆல்பம் 'ஃபைவ் லீவ்ஸ் லெஃப்ட்', 1969. சிகரெட் சுற்றும் தாள் கட்டில் கடைசி ஐந்து தாள் மிச்சமிருக்கும்போது வரும் எச்சரிக்கை வாசகம்தான் அந்தத் தலைப்பு. எதிர் நடைபாதையில் நின்று கேட்டேன். 'ரிவர் மேன்' வந்ததும் விரல் தானாகத் தொடையில் தட்ட ஆரம்பித்துவிட்டது. ஐந்தைந்தாகப் போகும் பாட்டு, நம் கணக்கில் கண்ட நடை. அதை அவர் கிதாரில் சொல்லும் விதத்தில் ஐந்து என்று தெரியவே தெரியாது, ஏதோ ஆறு ஓடுகிறது என்று விட்டுவிடுவோம். வயலின்கள் பிறகு சேர்த்தவை இல்லை. வாத்தியக்காரர்கள் சுற்றி அமர்ந்திருக்க, நடுவில் அவர் பாடி வாசித்ததை அப்படியே பதிந்திருக்கிறார்கள். தெரு இவ்வளவு குறுகல், உள்ளே எப்படி அத்தனை பேர் உட்கார்ந்தார்கள் என்று மாட்டைத்தான் கேட்க வேண்டும்.

அதே கூடத்தில், அதே 1969-இன் இறுதியில், வாஷ்டி பன்யன் 'ஜஸ்ட் அனதர் டயமண்ட் டே' பாடினார். குதிரை வண்டி கட்டிக்கொண்டு லண்டனிலிருந்து ஸ்காட்லாந்துத் தீவுகள் வரை, வழியெல்லாம் பாட்டு எழுதிக்கொண்டு போனவர். ஆல்பம் 1970 டிசம்பரில் வந்து சத்தமில்லாமல் போனது. மனம் வெறுத்துப் பாட்டையே விட்டுவிட்டார். 1997-இல் இணையத்தில் தன் பெயரைத் தேடிப் பார்த்தபோதுதான், சேகரிப்பாளர்கள் அந்த இசைத்தட்டைத் தேடி அலைவது அவருக்குத் தெரிந்தது. 2000-இல் சிடியாக வந்தது, 2005-இல் இரண்டாவது ஆல்பம். இடையில் 35 வருடம்!

இரண்டு ஆல்பம் முடிவதற்குள் கால் மரத்துப்போனது. ஒரு பாட்டி நாயோடு இரண்டு முறை கடந்து போனார், இரண்டாவது முறை "வழி தெரியவில்லையா?" என்று கேட்டார்.

நாள் 2: ஹாலண்ட் பார்க்

இன்று கொஞ்சம் நீளமாக எழுதுவேன். உண்மையில் நான் வந்ததே இதற்காகத்தான்.

லான்ஸ்டவுன் ஹவுஸ், ஹாலண்ட் பார்க் ஸ்டேஷனிலிருந்து ஐந்தாறு நிமிட நடை. ஓவியர்களுக்காகக் கட்டிய உயரமான கட்டடம், பெரிய பெரிய ஜன்னல்கள். சுவரில் நீல வட்டப் பலகை இருக்கிறது. ஓடிப்போய்ப் படித்தால், அங்கே வாழ்ந்த ஆறு ஓவியர்களின் பெயர்கள். நான் தேடி வந்தவர்கள் யாரும் அதில் இல்லை. அவர்கள் வேலை செய்தது தரைக்குக் கீழே. ஸ்குவாஷ் ஆடுகளமாக இருந்த இடத்தை 1950களின் இறுதியில் டெனிஸ் பிரெஸ்டன் என்ற தயாரிப்பாளர் ஸ்டுடியோ ஆக்கினார். ரெக்கார்டு கம்பெனி ஊழியராக இல்லாமல், தன் காசில் பதிவு செய்து, நாடாவைக் கம்பெனிக்குக் கொடுத்தவர். அதனால்தான் எந்தக் கம்பெனி மேலாளரும் ஒப்புக்கொள்ளாத ஆல்பங்களெல்லாம் கொலம்பியா லேபிளில் 'லான்ஸ்டவுன் சீரீஸ்' என்ற சிறு எழுத்தோடு வெளிவந்தன. 2006-இல் ஸ்டுடியோ மூடப்பட்டது.

ஜோ ஹாரியட். 1928-இல் ஜமைக்காவின் கிங்ஸ்டனில் பிறந்து, கன்னியாஸ்திரீகள் நடத்திய ஆல்ஃபா பள்ளியில் வளர்ந்து, 1951-இல் இங்கே வந்த ஆல்டோ சாக்ஸபோன்காரர். நுரையீரல் நோயோடு ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது அவருக்கு ஒரு யோசனை வந்தது: முன்கூட்டி வகுத்த சுருதி வரிசையும் வேண்டாம், மாறாத தாளமும் வேண்டாம், ஐந்து பேரும் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டே வாசிக்கலாம். 'ஃப்ரீ ஃபார்ம்' 1960 நவம்பரில் பதிவானது. அமெரிக்காவில் ஆர்னெட் கோல்மன் தன் 'ஃப்ரீ ஜாஸ்' ஆல்பத்தைப் பதிவு செய்தது அதே வருடம் டிசம்பர் 21. ஜாஸ் வரலாற்றில் கோல்மனுக்கு அத்தியாயம், ஹாரியட்டுக்கு அடிக்குறிப்பு. கோல்மனைக் குறைத்துச் சொல்லவில்லை. அவர் அதற்கு முன்னரே அந்தத் திசையில் போய்க்கொண்டிருந்தார். ஆனால் இரண்டையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். ஹாரியட்டினுடையதில் மௌனம் அதிகம். ஷேக் கீனின் எக்காளம் ஒரு வாக்கியத்தைப் பாதியில் நிறுத்துகிறது, எல்லோரும் நிற்கிறார்கள், மூச்சு விடும் நேரம் ஒன்றுமே இல்லை, பிறகு டிரம்ஸ் மட்டும் கதவைத் தட்டுவதுபோல் வருகிறது. இவர்களுக்கு அவசரமே இல்லை.

இதே ஹாரியட்டை ஜான் மேயரோடு சேர்த்துவைத்தவர் பிரெஸ்டன்தான். மேயர் கல்கத்தாவில் பிறந்தவர், அப்பா ஆங்கிலோ இந்தியர், அம்மா தமிழர். இங்கே பெரிய ஆர்க்கெஸ்ட்ராக்களில் வயலின் வாசித்துக்கொண்டே சொந்தமாக இசை எழுதினார். ஐந்து ஜாஸ்காரர்கள், சிதார், தபலா, தம்புரா எல்லாம் சேர்த்து இன்னொரு ஐந்து பேர். 1966-இல் 'இண்டோ ஜாஸ் சூட்' வந்தது. பீட்டில்ஸ் கையில் சிதார் ஏறிய காலம் என்பதால் இதையும் அந்தக் கூடையில் போட்டுவிட்டார்கள். அது அநியாயம். மேயர் அலங்காரத்துக்குச் சிதாரைத் தொங்கவிடவில்லை. ராகத்தின் சுரங்களைக் கொடுத்து, 'இதற்குள்ளேயே நில்' என்று சாக்ஸபோனுக்குச் சொல்லியிருக்கிறார். சில இடங்களில் ஜாஸ் பக்கம் நடக்கக் கற்கும் குழந்தைபோல இருக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். எழுதிய பகுதியிலிருந்து கற்பனைக்குப் போகும் வளைவுகளில் வண்டி குலுங்கும். எனக்கு அந்தக் குலுக்கல் பிடிக்கும்.

ஒன்றை விட்டுவிட்டால் தூக்கம் வராது. 'ஹம் தோனோ', 1969. கிதார்காரர் அமான்சியோ டிசில்வாவும் ஹாரியட்டும் சேர்ந்த ஆல்பம். 'நாம் இருவரும்' என்று பெயர். டிசில்வா பம்பாயில் பிறந்த கோவாக்காரர். நார்மா வின்ஸ்டனின் குரல் இதில் வார்த்தை இல்லாமல் இன்னொரு ஊதுகுழலாகவே வருகிறது. மறுபதிப்பு வரும்வரை இதைக் கேட்டவர்களைவிட இதன் விலையைப் பேசியவர்கள்தான் அதிகம்.

கட்டடத்திலிருந்து வெளியே வந்த ஒருவரிடம், இங்கே கீழே ஸ்டுடியோ இருந்ததே என்று கேட்டேன். "அப்படியா?" என்று மரியாதையாக வியந்துவிட்டு நடந்தார்.

நாள் 3: சோகோ

மழை. ரெக்கார்டுக் கடைகளில் கழிந்தது.

பழைய பிரிட்டிஷ் தட்டு வாங்குவது சேலை வாங்குவதுபோல, விரித்துப் பார்க்காமல் வாங்கக் கூடாது. அறுபதுகளின் அட்டையென்றால் பின்பக்க விளிம்பில் முன்னட்டைக் காகிதம் மடித்து ஒட்டியிருக்கும். கொலம்பியாவில் எண்ணுக்கு முன் எஸ்.எக்ஸ். என்றால் மோனோ, எஸ்.சி.எக்ஸ். என்றால் ஸ்டீரியோ. லேபிளுக்கும் கடைசி வரிக்கும் நடுவே உள்ள வெற்று வளையத்தில் மேட்ரிக்ஸ் நம்பர் இருக்கும். வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால்தான் கண்ணில் படும். அதைப் பார்த்தால் எந்த அச்சு வார்ப்பு என்று ஓரளவு சொல்லிவிடலாம். கீறல் தெரிகிறதா என்பதற்கும் அதே சாய்வுதான்.

இவ்வளவு தெரிந்த நான் என்ன செய்தேன்? ஒரு கடையில் 'இண்டோ ஜாஸ் சூட்' அமெரிக்க அட்லாண்டிக் பதிப்பைப் பார்த்ததும் கை நடுங்கிவிட்டது. 35 பவுண்டு. அட்டை சுத்தம், ஒட்டியிருந்த சீட்டில் 'வி.ஜி. பிளஸ்', அதாவது தட்டு நல்ல நிலையில். கடை மூடும் நேரம், வரிசையில் பின்னால் இரண்டு பேர். உறைக்குள் கையை விட்டுத் தட்டு இருக்கிறது என்று தடவிப் பார்த்ததோடு சரி.

அண்ணா வீட்டில் ஒரு பழைய டர்ன்டேபிள் இருக்கிறது, மேலே சாவிக் கொத்துகளும் பில்களும். எல்லாவற்றையும் எடுத்துவிட்டு அவரே துணி போட்டுத் துடைத்து வைத்தார். தட்டை எடுத்தால் லேபிள் வேறு நிறம். ஊசியை வைத்தால் பாண்டு வாத்தியம்! ராணுவ அணிவகுப்பு இசை, தம் தம் என்று. அண்ணா சோபாவில் சாய்ந்து சிரித்த சிரிப்பில் அண்ணி சமையலறையிலிருந்து வந்துவிட்டார். "இதுக்கே முப்பத்தஞ்சு பவுண்? விசரே உமக்கு?" அப்புறம் முதல் பக்கம் முழுக்கக் கேட்டோம். மோசமில்லை.

நாள் 4: லீ-ஆன்-சீ

காலையில் சோகோ கடைக்குப் போன் செய்தேன். யாரும் எடுக்கவில்லை. ஆறாம் நாள் நேரிலேயே போக வேண்டியதுதான்.

ஃபென்சர்ச் ஸ்ட்ரீட்டிலிருந்து ரயில். தேம்ஸ் நதி கடலாகிக்கொண்டிருக்கும் இடம் இது. அலை வடிந்திருந்தது. கண்ணுக்கெட்டிய தூரம் சேறு, அதில் சாய்ந்து கிடக்கும் படகுகள், சிப்பிக் கொட்டகைகள்.

பியானோக்காரர் மைக் டெய்லர் இரண்டே ஆல்பம் விட்டுப்போனார், 'பெண்டுலம்' (1966), 'ட்ரையோ' (1967). இரண்டும் அந்த லான்ஸ்டவுன் வரிசை. கிரீம் ராக் குழுவின் 'வீல்ஸ் ஆஃப் ஃபயர்' ஆல்பத்தில் அதன் டிரம்ஸ்காரர் ஜிஞ்சர் பேக்கரோடு சேர்ந்து மூன்று பாட்டு எழுதியவர் என்றால் ராக் கேட்பவர்களுக்குத் தெரியும். அந்த ஆல்பம் லட்சக்கணக்கில் போனது. கடைசிக் காலத்தில் வீடில்லாமல் தெருவில் இருந்தார். 1969 ஜனவரியில் இந்தக் கரையில்தான் அவர் உடல் ஒதுங்கியது. வயது 30. இன்று 'பெண்டுலம்' அசல் பிரதி ஆயிரம் பவுண்டுக்கு மேல்.

'ட்ரையோ' கேட்டேன். ஊருக்கெல்லாம் தெரிந்த பழைய மெட்டுகளை எடுத்துக்கொண்டு மெட்டைச் சொல்லாமலேயே வாசிக்கிறார். எங்கே இருக்கிறோம் என்று டிரம்ஸ் வாசிக்கும் ஜான் ஹைஸ்மனுக்கு மட்டும் தெரியும்போல. சேற்றைப் பார்த்துக்கொண்டு இதைக் கேட்பது நல்ல யோசனை இல்லை என்று நான்காவது பாட்டில் தெரிந்தது. விதி விதிதான், முடித்துவிட்டே எழுந்தேன். 'பெண்டுலம்' கேட்கவில்லை. இன்று இதற்கு மேல் எழுதத் தோன்றவில்லை.

நாள் 5: டான்வொர்த்-இன்-ஆர்டன்

மேரிலபோனிலிருந்து பர்மிங்ஹாம் மூர் ஸ்ட்ரீட். ரயிலில் பாடகர் பில் ஃபேயின் முதல் இரண்டு ஆல்பமும் முடிந்தது. 1970, 1971. இரண்டும் விற்காமல், கம்பெனி கைவிட்டதும் தோட்ட வேலை, பழம் பறிக்கும் வேலை என்று போய்விட்டார். ஆனால் வீட்டில் பாட்டு எழுதுவதை நிறுத்தவில்லை. ஜாஷுவா ஹென்றி என்ற அமெரிக்கர் சிறு வயதில் தன் அப்பாவின் அலமாரியில் ஃபேயின் தட்டைக் கண்டெடுத்துக் கேட்டவர். அவர் பின்னாளில் தயாரிப்பாளராகித் தேடிப் பிடித்துச் செய்ததுதான் 2012-இல் வந்த 'லைஃப் இஸ் பீப்பிள்'. ஃபே 2025 பிப்ரவரியில் காலமானார். முதல் ஆல்பத்தில் பெரிய ஆர்க்கெஸ்ட்ரா, நடுவில் ஒரு தயங்கும் குரல். ஜன்னலுக்கு வெளியே தோட்டங்களைப் பார்த்துக்கொண்டு கேட்கச் சரியான ஆல்பம்.

பர்மிங்ஹாமில் மாறி டான்சி ஸ்டேஷன். அங்கே இறங்க வேண்டுமென்றால் முன்கூட்டியே கார்டிடம் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் ரயில் நிற்காது. இறங்கியது நான் மட்டும். ஒரு மைலுக்கு மேல் ஏற்றமான பாதை, இரு பக்கமும் வேலி.

நிக் டிரேக் வளர்ந்த 'ஃபார் லீஸ்' வீடு இந்தக் கிராமத்தில்தான். இப்போது வேறு யாரோ வாழ்கிறார்கள். வாசலில் போய் நிற்பது நாகரிகமில்லை என்று சாலையிலிருந்தே திரும்பிவிட்டேன். 1974 நவம்பர் 25 அன்று, 26 வயதில், அந்த வீட்டில் இறந்தார். மேரி மக்தலேனா தேவாலயத்தின் பின்னால் ஓக் மரத்தடியில் சின்னக் கல். கல்லின் மேல் கிதார் வாசிக்கும் பிளாஸ்டிக் வில்லைகள், ஒரு நாணயம், ஈரமான கடிதம் ஒன்று. மடிப்பு பிரிந்திருந்தது, படிக்கவில்லை. தேவாலயத்தின் உள்ளே ஆர்கனில் அவர் நினைவாகக் குடும்பம் கொடுத்த ஒரு பகுதிக்குச் சின்னப் பித்தளைத் தகடு இருக்கிறது. அதைக் கண்டுபிடிக்கப் பத்து நிமிடம் ஆனது.

'பிங்க் மூன்' கேட்க எடுத்தேன். 1971 அக்டோபரில் இரண்டே இரவில் பதிவானது. ஒரு குரல், ஒரு கிதார், தலைப்புப் பாட்டில் மட்டும் சில நொடி பியானோ, மொத்தம் 28 நிமிடம். இது 'சோகத்தின் உச்சம்' என்று எல்லோரும் எழுதுகிறார்கள். கடைசிப் பாட்டு விடியலைப் பற்றியது என்பதை ஏனோ தாண்டிவிடுகிறார்கள். அந்தப் பாட்டின் ஒரு வரிதான் கல்லின் பின்பக்கம் செதுக்கியிருக்கிறது. அவர் இறந்து 25 வருடம் கழித்து ஒரு கார் விளம்பரத்தில் தலைப்புப் பாட்டு வந்த பிறகுதான் அமெரிக்காவில் ஆல்பம் விற்றது. கேட்கச் சங்கடமாக இருக்கலாம், எனக்கே அப்படித்தான் இருந்தது. ஆனால் நான் அவர் பெயரை முதலில் கேள்விப்பட்டதும் அந்த விளம்பரத்தைப் பற்றிய ஒரு செய்தியில்தான்.

நான் நெடுநேரம் உட்கார்ந்தது அவர் அம்மாவுக்காக. அதே இடத்தில் அம்மா, அப்பா பெயர்களும் இருக்கின்றன. மாலி டிரேக் 1915-இல் ரங்கூனில் பிறந்தவர். நிக் பிறந்ததும் ரங்கூனில்தான், 1948-இல். 1942-இல் ஜப்பானியர் வந்தபோது மாலி தன் சகோதரியோடு பர்மாவை விட்டு டில்லிக்கு வந்து சேர்ந்தார். அங்கே 'லாயிட் சிஸ்டர்ஸ்' என்ற பெயரில் இருவரும் ஆல் இண்டியா ரேடியோவில் பாடினார்கள்! பர்மாவிலிருந்து நடந்து வந்த கதை கேட்டு வளர்ந்தவர்கள் நம்மில் நிறையப் பேர். அதே வருடம் அதே ஊரிலிருந்து தப்பிய இன்னொரு குடும்பத்தை இந்த ஓக் மரத்தடியில் சந்திப்பேன் என்று நினைக்கவில்லை.

இங்கிலாந்து வந்த பிறகு மாலி வீட்டு பியானோவில் சொந்தப் பாட்டுகள் பாடினார், 1950களில் கணவர் அவற்றை ரீல் டேப்பில் பதிந்து வைத்தார். வெளியிடும் எண்ணம் யாருக்கும் இல்லை. மகனின் ஆல்பங்களைப் பதிவு செய்த அதே ஜான் உட் அந்த நாடாக்களைச் சீர் செய்து, 2013-இல் உலகம் கேட்டது. பியானோ கொஞ்சம் தள்ளி, குரல் பக்கத்தில். சில பாட்டுகள் இரண்டு நிமிடம்கூட இல்லை. இடது கை ஒரு சுரத்தில் எதிர்பாராமல் இறங்கும்போது, அட, இதை நிக்கின் கிதாரில் கேட்டிருக்கிறோமே என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். மகனைப் பற்றிப் படித்த கட்டுரைகளைவிட அந்த ஒரு இறக்கம் எனக்கு அதிகம் சொன்னது.

திரும்பும்போது டான்சியில் ரயிலைக் கை காட்டி நிறுத்தினேன். பஸ்ஸை நிறுத்துவதுபோலவே.

நாள் 6: சவுத்தாம்ப்டன், மறுபடி சோகோ

வாட்டர்லூவிலிருந்து ஒன்றேகால் மணி நேரம், பிறகு பஸ். பிட்டர்ன் ஹோலி சேவியர் தேவாலயக் கல்லறை. ஜோ ஹாரியட் கையில் காசில்லாமல், ஊர் ஊராக உள்ளூர்க் குழுக்களோடு வாசித்துப் பிழைத்து, புற்றுநோயில் 1973 ஜனவரி 2 அன்று இங்கே இறந்தார். வயது 44. கல்லைத் தேட அரை மணி ஆனது. அமெரிக்க சாக்ஸபோன் மேதை சார்லி பார்க்கரைப் பற்றி அவர் சொன்னது அதில் செதுக்கியிருக்கிறது: பார்க்கரா, இங்கேயும் ஒன்றிரண்டு துருப்புச் சீட்டு இறக்கத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள் என்கிற பொருளில். கல்லறையில் வீறாப்பு எனக்குப் பிடித்திருந்தது. 'ஃப்ரீ ஃபார்ம்' ஆரம்பித்தேன், மூன்றாவது பாட்டில் போன் அணைந்துவிட்டது. சார்ஜ் போட மறந்திருக்கிறேன். விதி உடைந்தது, வேறு வழியில்லை.

மாலை சோகோ கடை. பாண்டு வாத்தியத் தட்டை நீட்டினேன். பையன் லேபிளைப் பார்த்தான், தலையைச் சொறிந்தான், நேராகக் கடைக் கோடியில் தரையிலிருந்த இரண்டு பவுண்டுப் பெட்டிக்குப் போனான். நாலைந்து அட்டை தள்ளி, சிவப்புக் கோட்டுச் சிப்பாய்கள் நிற்கும் ஓர் அட்டையை உருவினான். உள்ளே அட்லாண்டிக் லேபிள். யாரோ கேட்டுவிட்டு மாற்றிப் போட்டிருக்கிறார்கள். மூன்று நாளாக யாரும் அந்த அட்டையைத் தொடக்கூட இல்லை. இந்த முறை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்து, இரண்டு பக்கமும் பார்த்து, பிறகுதான் வாங்கினேன்.

ராத்திரி அண்ணா வீட்டில் போட்டோம். முதல் பக்கம் முழுக்க அவர் போனில் கிரிக்கெட் ஸ்கோர் பார்த்துக்கொண்டிருந்தார். தட்டைத் திருப்பினேன். இரண்டாம் பக்கத்தில் முதலில் வருவது 'ராக மேகா'. தம்புரா, அதன் மேல் புல்லாங்குழல், மெதுவாக. அண்ணா போனைக் கீழே வைத்தார்.

"தம்பி, இது மத்தியமாவதியெல்லோ?"

வடக்கத்தி இசையில் மேக் என்பதும் நாம் மத்தியமாவதி என்பதும் ஒரே சுரங்கள்தான் என்றேன்.

"கோயில்லை நாதஸ்வரம் கடைசியா வாசிக்கிறது இதுதான். இது முடிக்கிற ராகம். இவங்கள் என்னெண்டு இதிலை துவங்கிறாங்கள்?"

பதில் சொல்ல வாயெடுத்தேன். ஹாரியட் உள்ளே வந்துவிட்டார். அண்ணா கையை உயர்த்தி, "பொறும் பொறும்" என்றார்.